சிவிலைசேஷன் 5: முதல் 100 டர்னுக்குள் ஆட்டம் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிவிலைசேஷன் 5 என்ற, டர்ன் டர்னாக ஒரு நாட்டை வளர்க்கும் கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆடுகிற தம்பி தங்கைகள் எங்காவது சிக்கிக்கொண்டால் சேவ் ஃபைலை என்னிடம் அனுப்பிவிடுவார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் லீவு விட்டால் இன்னும் அதிகமாக வரும். திறந்து பார்த்தால் நகரங்களுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர்களை வைத்திருப்பார்கள்: அரவேணு, கட்டபெட்டு, குந்தா, கூடலூர். சொல்லும் குறை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு மகிழ்ச்சி மைனஸ், இன்னொருவருக்குக் காசு இல்லை, மற்றவருக்கு அறிவியல் நகரவில்லை. தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வேர்தான். எடுத்த கொள்கை (கலாசாரப் புள்ளி சேர்த்து வாங்கும் சலுகை) ஒரு கணக்கில் போகும், போட்ட நகரங்கள் வேறு கணக்கில் போகும்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம் சேர்த்த ஆட்டத்துக்கு, ஸ்டாண்டர்ட் வேகம், ஸ்டாண்டர்ட் அளவு வரைபடம் என்று வைத்துக்கொண்டு எழுதியவை. போனில் அன்சிவ் (இதைப் போலவே செய்த இலவச ஆட்டம்) ஆடுபவர்களும் இதே வரிசையில் சோதிக்கலாம். எண்களை மட்டும் உங்கள் ஆட்டத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதல் சோதனை

வரைபடத்தைச் சற்று தூரமாக்கி, நகரம் போடத்தக்க இடங்களை எண்ணுங்கள். ஓர் இடம் தேறுகிறதா என்று பார்க்க எனக்கு மூன்று கேள்விகள் போதும். அங்கே உங்களிடம் இல்லாத ஒரு லக்சுரியாவது (பட்டு, தந்தம் போல மகிழ்ச்சி தரும் பொருள்) இருக்கிறதா? ஆறோ குன்றோ கைக்கெட்டுகிறதா? பக்கத்து நாட்டுக்காரருக்கு முன்னால், புது நகரம் போடும் உங்கள் செட்லர் போய்ச் சேருமா? இரண்டு நகரங்களுக்கு நடுவில் குறைந்தது 3 கட்டம் இடைவெளி வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தலைநகரையும் சேர்த்து மூன்று நான்கு இடம்தான் தேறுகிறது என்றால் டிரெடிஷன் என்ற கொள்கை மரம் (ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் கொள்கைகளின் தொகுப்பு). ஐந்துக்கு மேல் உறுதியாகத் தேறினால் லிபர்ட்டி. ஹானர், பயட்டி இரண்டையும் முதல் மரமாக எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பக்கத்து நாட்டை ஆரம்பத்திலேயே அடித்துப் பிடிக்கும் திட்டம் இருந்தால் மட்டும் ஹானரை யோசிக்கலாம்.

இதை டர்ன் 1-லேயே முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் கொள்கைக்கு 25 கலாசாரப் புள்ளி சேர வேண்டும். அதற்குள் இடம் பார்த்து வரும் ஸ்கவுட் ஓரளவு சுற்றி வந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் ஸ்கவுட்டை ஒரே திசையில் தொலைதூரம் அனுப்பிவிடுகிறார்கள். முதலில் தலைநகரைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்க விடுங்கள், நீளப் பயணம் அப்புறம் போகலாம்.

மலை வரைபடமான ஹைலேண்ட்ஸ்தான் இங்கே பலருக்கும் பிடித்தது. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதில் மலைச்சிகரக் கட்டங்களில் சாதாரணமாகக் கால் வைக்க முடியாது. பரந்த நிலம்போல் தெரியும், நகரம் போட இடம் தேடினால் நான்கோடு நின்றுவிடும். அந்த வரைபடத்தில் லிபர்ட்டி எடுக்கும் முன் இரண்டு தடவை எண்ணுங்கள்.

அறிகுறி: மகிழ்ச்சி மைனஸுக்குப் போய்விட்டது

அதிகம் வருவது இதுதான். மேல்பட்டையில் மகிழ்ச்சி எண்ணின் மேல் மவுஸை வைத்தால் வரவு செலவு முழுவதும் விரியும். அதைப் பார்க்காமல் எதையும் கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு நகரத்துக்கும் 3, ஒவ்வொரு குடிமகனுக்கும் 1 என மகிழ்ச்சி குறையும். பிரின்ஸ் என்ற கடின நிலையிலும் அதற்கு மேலும் கையிருப்பாக 9 கிடைக்கும். ஒவ்வொரு புது வகை லக்சுரிக்கும் 4. நான்கு நகரம், மொத்தம் 16 குடிமக்கள் என்றால் குறைவது 28. நான்கு வகை லக்சுரி இருந்தால் வரவு 25. மீதி மைனஸ் 3.

மைனஸுக்குப் போனதுமே மக்கள்தொகை வளரும் வேகம் கால்பங்காகிவிடும். மைனஸ் 10-ஐத் தொட்டால் வளர்ச்சி அடியோடு நிற்கும், கலகக்காரர்களும் கிளம்புவார்கள். மைனஸ் 3-இல் இருக்கும்போதே கை வைப்பது நல்லது.

*லக்சுரி எல்லைக்குள் இருந்தும் கணக்கில் வரவில்லையா?* அதன்மேல் சுரங்கமோ தோட்டமோ போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தை மேம்படுத்தும் ஒர்க்கர் எங்கோ பண்ணை போட்டுக்கொண்டிருக்கும். ஆட்டோமேட் செய்த ஒர்க்கரை நம்பாதீர்கள், கையால் ஓட்டுங்கள். தேவையான தொழில்நுட்பம் இல்லையென்றால் அதை ஆராய்ச்சியில் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். பட்டு, பருத்தி, வாசனைப்பொருள் எல்லாம் கேலண்டர் தொழில்நுட்பத்துக்குக் காத்திருக்கும்.

*ஒரே லக்சுரி இரண்டு மூன்று இருக்கிறதா?* இரண்டாவதற்கு மகிழ்ச்சி கிடையாது. அதைப் பக்கத்து நாட்டிடம் அவர்களுடைய உபரி லக்சுரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செலவில்லாமல் 4 கிடைக்கும். சேவ் ஃபைல்களைத் திறந்தால் நான் முதலில் தொடுவது இந்தப் பேரத்தைத்தான். பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

*டிரெடிஷனில் இருக்கிறீர்களா?* லீகலிசம் கொள்கையை எடுத்தபின் மோனார்க்கியை முன்னால் இழுங்கள். தலைநகரில் ஒவ்வொரு 2 குடிமக்களுக்கும் மகிழ்ச்சிக் குறைவு 1 தணியும், கூடவே 1 தங்கமும் வரும். மேலே சொன்ன கணக்கில் தலைநகரில் 8 பேர் இருந்தால் 4 மீளும். மைனஸ் 3 என்பது பிளஸ் 1 ஆகிவிடும்.

*லிபர்ட்டியில் இருக்கிறீர்களா?* மெரிட்டோக்ரஸி எடுத்திருந்தும் பலன் தெரியவில்லையென்றால் சாலையைப் பாருங்கள். தலைநகரோடு இணைந்த நகரத்துக்குத்தான் அது தரும் 1 மகிழ்ச்சி கிடைக்கும். நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தாலும் இணைப்பு இல்லை.

*இதெல்லாம் சரியாக இருந்தும் மைனஸா?* இனி செலவு செய்ய வேண்டும். நகர எல்லைக்குள் குதிரையோ தந்தமோ மேம்படுத்தப்பட்டிருந்தால் சர்க்கஸ் கட்டலாம். 2 மகிழ்ச்சி, பராமரிப்புச் செலவு இல்லை. அதற்கு வழியில்லை என்றால் கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆராய்ந்து கொலோசியம். அதுவரை பெரிய நகரங்களில் வளர்ச்சியைத் தவிர்க்கும் பெட்டியை டிக் செய்து, குடிமக்களை உற்பத்திக் கட்டங்களுக்கு மாற்றி வையுங்கள்.

*நீங்கள் ஆடுவது இந்தியாவா?* இதற்குத் தனியாகவே எழுத வேண்டும். இந்தியாவைத் தேர்ந்தெடுக்கும் ஆசை இயல்பானது, நம் பிள்ளைகளில் பலர் முதல் ஆட்டமே அதில்தான் ஆடுகிறார்கள். ஆனால் இந்தியாவுக்கு நகர எண்ணிக்கையால் வரும் குறை இரட்டிப்பு, குடிமக்களால் வரும் குறை பாதி. அதாவது ஒரு நகரத்துக்கு 6, ஒரு குடிமகனுக்கு அரை. மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் ஒரு நகரத்தில் 6 பேர் ஆகும் வரை உங்களுக்கு நஷ்டம், 6-ஐத் தாண்டிய பிறகுதான் லாபம். அதே நான்கு நகரம், 16 பேர் கணக்கில் இந்தியாவுக்குக் குறைவது 32. மைனஸ் 7. லிபர்ட்டி எடுத்து ஆறு குட்டி நகரங்களைப் பரப்பினால் என்னாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தியாவில் டிரெடிஷன் எடுத்து, மூன்று நகரத்தோடு நிறுத்தி, ஒவ்வொன்றையும் கொழுக்க வளருங்கள். நான்காவதை அப்புறம் போடலாம்.

*எப்போது இன்னொருவரிடம் காட்ட வேண்டும்?* மைனஸ் 10-க்குக் கீழே, கையில் விற்கவோ மாற்றவோ லக்சுரி இல்லை, எல்லா நாடும் உங்களோடு மனத்தாங்கலில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்துவிட்டால் தனியாகப் போராட வேண்டாம். எம்பரர் நிலையிலாவது ஜெயித்த ஒருவரிடம் சேவ் ஃபைலைக் கொடுத்து, எத்தனை டர்ன் பின்னால் போனால் மீட்கலாம் என்று கேளுங்கள்.

அறிகுறி: செட்லர் போய்ச் சேருவதற்குள் இடம் பறிபோகிறது

கட்டும் வரிசையைப் பாருங்கள். முதல் செட்லருக்கு முன்னால் கிரேட் லைப்ரரி, ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற உலக அதிசயம் ஏதாவது இருந்தால் காரணம் அதுதான். அதிசயத்தைக் கட்டிய கை நிலத்தைப் பிடிக்க முடியாது. கடின நிலைகளில் கம்ப்யூட்டர் நாடுகள் ஆரம்பத்திலேயே கூடுதல் சலுகையோடு வருவதால் அந்த அதிசயமும் பல சமயம் கிடைக்காது.

இரண்டாவது, செட்லரை மிகச் சீக்கிரம் ஆரம்பிப்பது. கேட்க விசித்திரமாக இருக்கலாம். செட்லர் உருவாகும்போது நகரம் வளராது. 2 பேர் இருக்கும்போது ஆரம்பித்தால் இழுத்துக்கொண்டே போகும், வளர்ச்சியும் நிற்கும். ஸ்கவுட், இன்னொரு ஸ்கவுட், கலாசாரம் தரும் மானுமென்ட் என்று போய், 3 பேர் ஆனதும் குன்று, காடு போன்ற உற்பத்திக் கட்டங்களில் ஆளை வைத்து ஆரம்பியுங்கள்.

லிபர்ட்டி எடுத்தவர்கள் ரிபப்ளிக், அதன்பின் கலெக்டிவ் ரூல் என்று நேராகப் போக வேண்டும். கலெக்டிவ் ரூலில் ஒரு செட்லர் இலவசம், தலைநகரில் செட்லர் உற்பத்திக்கு 50 சதவீதம் வேகம். நடுவில் சிட்டிசன்ஷிப் பக்கம் போய் ஒர்க்கரை வாங்கிவிட்டு வருகிறேன் என்று தாமதித்தால் அந்த வேகம் பயன்படும் காலமே முடிந்துவிடும்.

இன்னும் போதவில்லையா? உபரி லக்சுரியை விற்றுக் காசு சேர்த்து ஒரு செட்லரை வாங்கிவிடுங்கள். இதுதான் இந்தப் பட்டியலில் விலை அதிகமான மருந்து. ஆனால் நல்ல ஆற்றங்கரை இடத்துக்கு முன்னால் அது பெரிய விலை இல்லை.

இடத்தைத் தேர்வு செய்வதில் ஒரு வார்த்தை. குன்றின் மேல் போட்ட நகரத்தின் நடுக்கட்டம் சமவெளி நகரத்தைவிட 1 உற்பத்தி கூடுதலாகத் தரும், பாதுகாப்பும் கூடும். பக்கத்தில் மலைச்சிகரம் இருந்தால் பின்னாளில் அப்சர்வேட்டரி கட்டலாம், அந்த நகரத்துக்கு அறிவியல் 50 சதவீதம் ஏறும். ஹைலேண்ட்ஸ் வரைபடத்தில் குன்றுகள் நடையைத் தடுத்து உங்களைப் படுத்தினால் இன்கா நாட்டை எடுத்துப் பாருங்கள். அவர்களுடைய ஆட்கள் குன்றில் தடையில்லாமல் நடப்பார்கள், குன்றில் போட்ட சாலைக்குப் பராமரிப்பும் இல்லை. மலைக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாடு அந்த ஆட்டத்தில் கிடையாது என்பது என் திடமான எண்ணம்.

அறிகுறி: அடுத்த கொள்கை வரவே மாட்டேன் என்கிறது

*மானுமென்ட் எத்தனை நகரங்களில் இருக்கிறது?* லிபர்ட்டிக்காரர்கள் ஒவ்வொரு புது நகரத்திலும் முதல் வேலையாக அதைக் கட்ட வேண்டும். டிரெடிஷன்காரர்கள் லீகலிசத்தைச் சீக்கிரம் எடுத்தால் முதல் நான்கு நகரங்களுக்கும் இலவசமாக வந்துவிடும், பராமரிப்பும் கிடையாது. லீகலிசம் இன்னும் சில டர்னில் வரப்போகிறது என்றால் இரண்டாவது மூன்றாவது நகரத்தில் மானுமென்டைக் கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

*எந்த மரத்தைத் திறந்தீர்கள்?* டிரெடிஷனைத் திறந்ததும் தலைநகருக்கு 3 கலாசாரம். லிபர்ட்டியைத் திறந்தால் நகரத்துக்கு 1. ஆக, மூன்று நகரம் ஆகும் வரை லிபர்ட்டி பின்தங்கித்தான் இருக்கும், நான்காவதிலிருந்துதான் முந்தும். லிபர்ட்டி எடுத்துவிட்டு இரண்டு நகரத்தோடு உட்கார்ந்திருக்கும் சேவ்கள் நிறைய வருகின்றன. அவர்களுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

*மரத்துக்கு மரம் தாவியிருக்கிறீர்களா?* டிரெடிஷனில் இரண்டு, லிபர்ட்டியில் இரண்டு, ஹானரில் ஒன்று. இந்த வகைச் சேவ் ஃபைலைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வழியில்லை. டிரெடிஷனை முழுதாக முடித்தால் எல்லா நகரங்களிலும் 15 சதவீத வளர்ச்சி, முதல் நான்கு நகரங்களுக்கு இலவச நீர்க்கால்வாய். லிபர்ட்டியை முடித்தால் நீங்கள் விரும்பும் மாமனிதர் ஒருவர் இலவசம். பாதியில் விட்டால் இந்தப் பரிசு எதுவுமில்லை. ஏற்கனவே தாவிவிட்டீர்கள் என்றால், எதில் அதிகம் எடுத்திருக்கிறீர்களோ அதையே முடியுங்கள். வேறு யோசனை வேண்டாம்.

*நகரம் அதிகமா?* ஒவ்வொரு கூடுதல் நகரமும் கொள்கையின் விலையை 10 சதவீதம் ஏற்றும். லிபர்ட்டியில் ரெப்ரசென்டேஷன் எடுத்தால் அந்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஒரு பொற்காலமும் தொடங்கும்.

கலாசார வகை நகர-நாடு (ஒரே நகரம் கொண்ட சிறு நாடு) ஒன்று அருகில் இருந்தால் அதன் கோரிக்கைகளைப் பாருங்கள். ஒரு காட்டுமிராண்டி முகாமை அழித்தாலே நட்பு கிடைத்துவிடும் சந்தர்ப்பம் அடிக்கடி வரும்.

அறிகுறி: கஜானா கரைகிறது

பிரேவ் நியூ வேர்ல்டில் ஆற்றங்கரை, கடற்கரைக் கட்டங்களிலிருந்து காசு வராது. பழைய பதிப்பில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காசு வணிகப் பாதையில்தான் இருக்கிறது. அனிமல் ஹஸ்பண்ட்ரியும் செய்லிங்கும் ஆளுக்கொரு பாதை தரும். இரண்டும் ஓடுகின்றனவா, வெளிநாட்டுக்கு ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து சாலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் டர்னுக்கு 1 தங்கம். 2 பேர் வசிக்கும் குட்டி நகரத்துக்கு எட்டுக் கட்டச் சாலை போட்டால் இணைப்பில் வரும் காசைவிடப் பராமரிப்பு அதிகமாகும். புது நகரம் புதிதாக நட்ட தேயிலைக் கன்று மாதிரி, முதலில் செலவுதான் வைக்கும், பறிப்பு பிறகுதான். நகரம் வளர்ந்தபின் சாலை போடுங்கள். ஆட்டோமேட் ஒர்க்கர் போட்ட வேண்டாத கிளைச் சாலைகளை அகற்றுங்கள்.

அதற்கு மேலும் கசிந்தால், டிரெடிஷனில் ஆலிகார்க்கி எடுத்து நகரங்களுக்குள் படையை நிறுத்துங்கள், அந்தப் படைக்குப் பராமரிப்பு இல்லை. கஜானா காலியாகி மைனஸிலேயே ஓடினால் அறிவியலிலிருந்து பிடித்துக்கொள்ளும். அந்த நிலையை ஒரு டர்ன்கூட அனுமதிக்காதீர்கள். உபரி லக்சுரியை டர்னுக்கு இவ்வளவு என்று விற்றாவது நிறுத்துங்கள்.

அறிகுறி: அறிவியலில் எல்லோருக்கும் பின்னால்

நேஷனல் காலேஜ் கட்டியாயிற்றா என்பதுதான் இங்கே கேள்வி. அது 3 அறிவியலும், அந்த நகரத்துக்கு 50 சதவீத ஏற்றமும் தரும். பிலாசபி ஆராய்ந்திருக்க வேண்டும், உங்கள் எல்லா நகரங்களிலும் லைப்ரரி இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் ஆளைக் கவிழ்க்கிறது. காலேஜ் பாதி கட்டியிருக்கும்போது புது நகரம் ஒன்றைப் போடுவார்கள். அங்கே லைப்ரரி இல்லை. காலேஜ் வேலை அந்தக் கணமே நின்றுவிடும். “அண்ணா, லிஸ்டிலேயே காணோம்” என்று வரும் செய்திகளுக்கு இதுதான் பதில். செட்லர் கையில் இருந்தால், காலேஜ் முடியும் வரை அதை நகரத்துக்குள் நிறுத்தி வையுங்கள். இடம் பறிபோகும் ஆபத்து இருந்தால் மட்டும் நகரத்தைப் போட்டு, அங்கே லைப்ரரியைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

நான்கு நகர டிரெடிஷனில் காலேஜ் டர்ன் 100-க்குள் முடிந்துவிட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். முடியவில்லையென்றால் பெரும்பாலும் லைப்ரரிக்கு முன்னால் வேறு எதையாவது கட்டியிருப்பீர்கள்.

காலேஜ் இருந்தும் பின்தங்கினால் தலைநகரின் மக்கள்தொகையைப் பாருங்கள். லைப்ரரி 2 பேருக்கு 1 அறிவியல் தருவது, ஆள் இருந்தால்தானே? கிரானரி உள்ள நகரத்திலிருந்து தலைநகருக்கு உணவு கொண்டு போகும் வணிகக் கேரவன் ஒன்று ஓட்டுங்கள். லேண்டட் எலீட் எடுத்தால் அங்கே 10 சதவீத வளர்ச்சியும் 2 உணவும் கூடும். இன்னொரு கேரவனை உங்களைவிட முன்னேறிய நாட்டுக்கு அனுப்பினால் காசோடு கொஞ்சம் அறிவியலும் வந்து சேரும்.

நகரம் ஒவ்வொன்றும் தொழில்நுட்ப விலையை 5 சதவீதம் ஏற்றும் என்பதால், டர்ன் 150-க்கு மேல் அவசரமாகப் போடும் பனிக்காட்டு நகரம் அறிவியலுக்கு உதவாது.

அறிகுறி: செட்லரும் ஒர்க்கரும் வழியில் பிடிபடுகிறார்கள்

ஒரே கட்டத்தில் ஒரு படையாளும் ஒரு செட்லரும் சேர்ந்து நிற்கலாம். சேர்த்தே நடத்துங்கள். காட்டுமிராண்டி முகாம்கள் யார் கண்ணும் படாத இருட்டுக் கட்டங்களில்தான் முளைக்கும், அதனால் ஒரு வாரியரைக் குன்றின் மேல் நிறுத்தினாலே அந்தப் பக்கம் தொல்லை குறையும். பிடித்துப் போனவர்களை முகாமுக்குத்தான் கொண்டு போவார்கள், துரத்திப் போய் மீட்கலாம்.

பிடித்தவர் காட்டுமிராண்டி இல்லை, பக்கத்து அரசன் என்றால் அது போர். இரண்டு மூன்று வில்லாளிகள், எல்லை நகரத்தில் மதில், முடிந்தால் கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆராய்ந்து காம்போசிட் வில்லாளி. தலைநகரே விழும்போல் இருந்தால் ஒரு நகரத்தைக் கொடுத்தாவது சமாதானம் பேசுங்கள். தலைநகர் விழுந்துவிட்டால் பழைய சேவுக்குத் திரும்புவதுதான் வழி.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் சேவ் திறக்கவில்லை

காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது நம் மலையில் வழக்கம். அதனால் ஆட்டத்தின் ஆப்ஷன்ஸில் ஆட்டோசேவ் இடைவெளியை 1 டர்ன் என்று மாற்றி வையுங்கள்.

திறக்காத சேவ் ஃபைலை விட்டு அதற்கு முந்தைய ஆட்டோசேவைத் திறந்து பாருங்கள். அது டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஆட்டத்தின் பெயர், சேவ்ஸ், சிங்கிள், ஆட்டோ என்ற வரிசையில் உள்ளே இருக்கும். அதுவும் மறுத்தால், சேவ் செய்தபோது இருந்த மாட்களும் (மற்றவர்கள் செய்து தரும் கூடுதல் சேர்க்கைகள்) விரிவாக்கங்களும் இப்போதும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நண்பரின் சேவ் ஃபைலை வாங்கித் திறக்கும்போது பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம் ஸ்டீமில் ஆட்டத்தின் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள்.

ஆட்டம் மட்டுமல்லாமல் மற்ற ஃபைல்களும் திறக்கத் திணறினால், ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால், லேப்டாப்பை அணைத்துவிட்டுச் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டு போங்கள். நீங்களே திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே இருப்பதை எடுத்த பிறகே டிஸ்கை மாற்றச் சொல்லுங்கள், சேவ்ஸ் ஃபோல்டரின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாடப் புத்தகமும் போட்டோவும் மட்டும் எடுத்தால் போதும் என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள்.